காளியப்பனுக்குப் படி ஏற முடியும்

நாற்பத்தோரு வருடக் குடித்தனத்தில் காளியப்பன் அங்கம்மாவிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று மூன்று தைப்பூசத்துக்குச் சத்தியம் செய்தார். சட்டைப் பையில் கிடந்த நம்பர் சீட்டு கூட்டாளியுடையது என்றார். அதையெல்லாம் அவள் திட்டித் தீர்த்து மறந்துவிட்டாள். ஆனால் அடுக்ககத்து ஆபீஸிலிருந்து வந்த தம்பியிடம் அவர் சொன்ன பொய் மட்டும் அவளுக்குச் செரிக்கவே இல்லை. அது ஒரே ஒரு சொல். முடியும்.

பத்து பாகாட்டில் அவர்கள் குடியிருப்பது ஐந்து மாடி மலிவு வீடு. லிப்ட் கிடையாது. இவர்கள் வீடு நாலாவது மாடியில். மொத்தம் அறுபத்து மூன்று படி. அங்கம்மா எண்ணி வைத்திருந்தாள். சாப்பாட்டுக் கடையில் விடிகாலை ஐந்து மணிக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்து, கோழி வெட்டி, தட்டு கழுவி, மத்தியானம் இரண்டு பையோடு ஏறி வருகிறவளுக்கு எண்ணுவதைத் தவிர வேறு பேச்சுத்துணை ஏது? அவளுக்கும் வயது அறுபத்து மூன்று. வயதுக்கு ஒரு படி என்று கடைக்காரப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

காளியப்பன் கீழே இறங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. கடைசியாக இறங்கியதும் சொந்தக் காலால் இல்லை. மூச்சு முட்டிய ஒரு நாள் பக்கத்து வீட்டு ஆட்கள் நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நாற்காலி சாய்ந்து, கைலி விலகி, கீழ்த்தளத்துச் சீனக் கிழவி ஒருத்தி கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்ததிலிருந்து ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தாலே அவருக்குக் கோபம் வந்தது. நடையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கம்பி வழியாகக் கீழே ஒட்டுக்கடையில் ஆட்கள் தேத்தண்ணி குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடையில் என்ன பலகாரம் போடுகிறான் என்பது வரைக்கும் அவருக்கு அங்கிருந்தே தெரியும். வயது அறுபத்தேழுதான். முட்டி இரண்டும் எண்பதைத் தாண்டிவிட்டன.

அப்போதுதான் கீழ்த்தளத்து மூலை வீடு காலியானது. அந்தச் சீனக் கிழவியை மகள் மூவாருக்குக் கூட்டிப்போய்விட்டாள். படி ஏற முடியாதவர்களுக்குத்தான் கீழ் வீடு என்று ஆபீஸில் ஒரு விதி இருப்பதாக மூன்றாவது மாடி கஸ்தூரி வந்து சொன்னாள். அங்கம்மா மறுநாளே கஸ்தூரியைக் கொண்டு அவர் பெயரில் எழுதிப் போட்டாள். இந்த வீடு கைநழுவினால் அடுத்தது எப்போது காலியாகும் என்று யாருக்குத் தெரியும்? கீழ்த்தளத்துக்காரர்கள் எல்லோரும் நல்ல திடகாத்திரமாக இருந்தார்கள்.

விசாரிக்க வரும் தேதியைச் சொல்லி ஆபீஸிலிருந்து போன் வந்தது. அங்கம்மா காலையில் கடைக்குக் கிளம்பும்போது நூறு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

"பதினொரு மணிக்கு வருவாரு. கால காட்டுங்க. முட்டி வீங்கியிருக்கறத காட்டுங்க. வேற ஒண்ணும் பேச வேணாம்."

"சரி."

"என்ன சரி? ஒழுங்கா சொல்லுங்க."

"கால காட்டணும். அதான?"

அன்றைக்குக் கடையில் அரை நாள் கேட்டுக்கொண்டு அவள் ஓடிவந்தாள். வெயில் தலையைப் பிளந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்துக்கு வந்து நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மேலேயிருந்து காளியப்பன் இறங்கி வந்துகொண்டிருந்தார். தைப்பூசத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. தலையில் எண்ணெய். முகம் மழுங்கச் சிரைத்திருந்தது. கைப்பிடியை வலது கை இறுக்கிப் பிடித்திருக்க, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, உதட்டில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு இறங்கினார். வேர்வை கழுத்து வழியாகச் சட்டைக்குள் ஓடியது. அவருக்குப் பின்னால் ஒரு தடித்த வாலிபன் ஃபார்மும் பேனாவுமாக வந்தான். அவன்தான் ரூபேந்திரன்.

"தோ, கீழ போயிட்டு வந்துர்றேன்," என்றார் காளியப்பன், பாசாருக்குப் போகிறவர் மாதிரி.

"ஆண்ட்டிதானா? அங்கிள் சூப்பர்லா," என்றான் ரூபேந்திரன். "நான் படி ஏற முடியுமான்னுதான் கேட்டேன். ஏறியே காட்றேன்னுட்டாரு."

ஆபீஸ் ஆள் முன்னால் கட்டின புருசனைத் திட்டி அவளுக்குப் பழக்கமில்லை. இரண்டு பையையும் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒதுங்கி வழிவிட்டாள். காளியப்பன் கீழே போனார், திரும்பி மேலே வந்தார், வாசலில் நின்று ரூபேந்திரனுக்குக் கைகொடுத்து அனுப்பினார். அவன் தலை மறைந்ததும் கதவைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். மூன்று நாள் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. கோயம்புத்தூர் தைலத்தின் நெடி வீடு முழுக்க நின்றது. அங்கம்மா கஞ்சியும் நெத்திலிச் சம்பாலும் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள். பேசவில்லை.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. கஸ்தூரிதான் வாசித்துச் சொன்னாள். விண்ணப்பதாரர் குளிப்பார், உடுத்துவார், பளு தூக்குவார், படி ஏறுவார். கீழ் வீட்டுக்குத் தகுதி இல்லை. மேல்முறையீடு செய்ய இரண்டு வாரம்.

அன்றைக்குத்தான் அங்கம்மா வாயைத் திறந்தாள்.

"யோவ், பளு தூக்குவேன்னு வேற சொன்னியா?"

"கேட்டாரு. பத்து கிலோ தூக்க முடியுமான்னு."

"அதுக்கு?"

"முடியும்னேன்."

"எதுக்குய்யா? எந்தப் பெரட்டுக் களத்துல நின்னுக்கிட்டிருக்க நீ? தண்டல் வந்து பேர வெட்டிருவானா?"

காளியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடைக் கம்பியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கேட்ட பிறகுதான் அங்கம்மாவுக்கே உறைத்தது. திட்டுவதற்காகச் சொன்னது உண்மையாகவே இருந்துவிட்டது.

முன்பிருந்த ரெங்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பெரட்டு என்றால் விடியுமுன்னே எல்லோரும் வரிசையாக நிற்கவேண்டும். கிராணி பேர் கூப்பிடுவார். இன்றைக்கு மேட்டு நிரை, முடியுமா என்று வேலை வாங்கும் தண்டல் கேட்பான். முடியும் என்றால் பேர் விழும். முடியாது என்றால் அன்றைக்குப் பேர் இல்லை, கூலி இல்லை. அடுத்தடுத்துச் சொன்னால் லயத்தில் வீடும் இல்லை. காளியப்பனின் அப்பா மணியம் காலில் ஆணி ஏறிப் புரையோடிக் கிடந்தபோது ஒரே வாரத்தில் மூன்று தடவை முடியாதுங்க என்று சொன்னார். மாசக் கடைசியில் சட்டி பானையோடு குடும்பம் வெளியே நின்றது. பதினோரு வயதுக் காளியப்பன் அடுப்புக்கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்கு நடந்தார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து முடியாது என்ற சொல் வந்து அங்கம்மா கேட்டதில்லை. காய்ச்சலோடு மரம் சீவினார். தோளில் காவடி மாதிரி போட்ட காண்டாக் கம்பில் முன்னும் பின்னும் பால் வாளித் தோம்பு தொங்க மேட்டில் ஓடினார். கம்பெனி தோட்டத்தை விற்று, வாங்கியவன் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது பத்து பாகாட்டுக்கு வந்து துணி ஆலையில் சாயத் துணி உருளைகளைத் தூக்கினார். முதுகு போன பிறகு ஜாகா என்கிற காவல் வேலை, பன்னிரண்டு மணி நேரம் வாசலில் நிற்கவேண்டும். கேட்டவன் எவனாக இருந்தாலும் பதில் ஒன்றுதான்.

அடுத்த நாள் கடை முடிந்ததும் அங்கம்மா மேல்முறையீடு செய்ய நேரே ஆபீஸுக்குப் போனாள். கையில் வெங்காய வாசம் போகவில்லை. ரூபேந்திரனே இருந்தான். நல்ல பிள்ளைதான், நாற்காலி எடுத்துப் போட்டான்.

"மேல்முறையீடு வியாழக்கிழமை பத்து மணி ஆண்ட்டி. நம்ம பிளாக்லயே, கீழ ஹால்ல. குழுவுல கிருபானந்தன் சார் இருப்பாரு. அங்கிள் கண்டிப்பா நேர்ல வரணும்."

"எங்க வரணும்?"

"கீழ, ஹாலுக்கு."

அங்கம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"தம்பி, எறங்க முடியாதவங்களுக்குத்தான கீழ் வீடு?"

"ஆமா."

"அவரு எறங்கி வந்தா, இந்தா எறங்கி வந்துட்டாரேன்னு எழுதுவீங்க. வரலைன்னா, கூப்ட்டோம் வரலைன்னு எழுதுவீங்க. எதத்தான் செய்யச் சொல்றீங்க?"

ரூபேந்திரன் கழுத்தைத் தடவினான். "ரூல் அப்படி ஆண்ட்டி. வேணும்னா நாலு பேர வச்சு சேர்ல..."

"சேர் கதையெல்லாம் வேணாம்," என்று அங்கம்மா எழுந்துவிட்டாள்.

வியாழக்கிழமை கடைக்கு அவள் போகவில்லை. அதிகாலையில் ரசமும் கருவாட்டுப் பொரியலும் வைத்தாள். காளியப்பன் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"நான் கீழ போய் அவங்கள இட்டாரேன். நீங்க நாற்காலிய விட்டு அசையக்கூடாது."

"பெரிய ஆளுங்கள மேல கூப்டுறது மரியாதையா இருக்குமா?"

"உங்கள கீழ கூப்டுறது மட்டும் மரியாதையா?"

ஹாலில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் ரூபேந்திரனும் கிருபானந்தனும். கிருபானந்தன் நில அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். இந்த ஊரில் எந்தக் குழு என்றாலும் குடியிருப்பாளர் சார்பில் அவர் பெயர் இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, நிமிர்ந்த முதுகு, நல்ல நடைச் சப்பாத்து. பேர் கூப்பிட்டதும் அங்கம்மா மட்டும் போய் நின்றாள்.

"விண்ணப்பம் செய்தவர் எங்கே?" என்றார் கிருபானந்தன்.

"மேல இருக்காருங்க. நீங்கதான் வரணும்."

"அப்பிடிச் செய்ய ஏலாது அம்மா. எல்லாருக்கும் ஒரே விதி."

"அப்ப நான் இப்படியே நிக்கிறேன்."

நின்றாள். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அலமாக், இந்தக் கிழவி விடாது போலிருக்கே என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பேரை ரூபேந்திரன் கூப்பிட்டான். வந்தவருக்கு மேசைக்கு எதிரே நிற்க இடம் இல்லை, அங்கே அங்கம்மா நின்றாள். கால் கடுத்தது. விடிகாலையிலிருந்து நின்றே பழகிய கால், அவளுக்கு அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. கடைசியில் கிருபானந்தன் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார்.

"சரி, ஏறுவம். நாலு மாடிதானே. எனக்கு அது ஒரு வேலையே இல்லை."

உண்மையிலேயே அவருக்கு அது ஒரு வேலையாக இல்லை. ரூபேந்திரன் மூன்றாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினான். அங்கம்மா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். கிருபானந்தன் முதலில் மேலே போய் நின்று இவர்களுக்காகக் காத்திருந்தார்.

நடைக்கு வந்து அங்கம்மா பார்த்தாள். காளியப்பன் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். எழுந்து வேறு நின்றார். கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. அங்கம்மா, மைலோ கலக்கு."

"நீங்க மொதல்ல உக்காருங்க," என்று அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

கிருபானந்தன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன காளியப்பன், பார்க்க நல்லாத்தானே இருக்கிறீங்கள். எனக்கு எழுபத்து மூண்டு வயசு. உங்களைவிட ஆறு வயசு கூட. நான் ஏறி வந்தனான்தானே? ஞாயிற்றுக்கிழமையில தங்காக் போய் மலை அடிவாரத்தில நடக்கிறனான். உடம்பை நாங்கதான் கவனிக்க வேணும். எல்லாம் பழக்கம்."

"ஆமாங்க," என்றார் காளியப்பன், தலையைக் குனிந்து.

அந்த ஆமாங்கவைக் கேட்டதும் அங்கம்மாவுக்கு உச்சியில் ஏறிவிட்டது. அவள் மைலோ கலக்கப் போகவில்லை.

"ஐயா என்ன வேல பாத்தீங்க?"

"நில அலுவலகம். ஏன்?"

"உக்காந்துதான?"

"ஓம், மேசை வேலை."

"இவருக்கும் நடந்து பழக்கந்தாங்க. பன்னெண்டு வயசுலேர்ந்து நடந்தாரு. முன்னால ஒரு தோம்பு, பின்னால ஒரு தோம்பு, மேட்டுல ஏறி ஓடணும், நின்னா பால் கட்டியாயிரும். அந்தத் தோள பாருங்க, ஒண்ணு எறங்கிக் கெடக்கு. அப்புறம் ஆலையில தூக்குனாரு. அப்புறம் ஜாகாவுல நின்னாரு, ஒரு ஸ்டூலு குடுக்க மாட்டானுங்க. பழக்கம் பழக்கம்னு சொல்றீங்களே, இவரு காலுக்குப் பழக்கம் ஜாஸ்தியாப் போயிதான் இந்தக் கெதி. நீங்க வெறுங்கையோட ஏறுனீங்க ஐயா. வெறுங்கையோட ஏறுறதுன்னா இவரும் மேல ஒரு மாடி கட்டச் சொல்லியிருப்பாரு."

"ஆண்ட்டி, மெதுவா..." என்றான் ரூபேந்திரன்.

"மெதுவாத்தான் பேசுறேன். ஐயா, உங்க முட்டி ஒருநாளாவது வலிச்சிருக்கா?"

கிருபானந்தன் குனிந்து தன் முழங்காலைத் தடவினார். அவர் பொய் சொல்லுகிற மனிதர் இல்லை. அதை அங்கம்மா பிற்பாடும் எல்லோரிடமும் ஒத்துக்கொண்டாள்.

"வலிச்சது," என்றார். "அறுபத்தஞ்சில ரெண்டு முழங்காலையும் மாத்தினது. இப்ப இருக்கிறது இரும்பு."

"யாரு பாத்துக்கிட்டா?"

"மகள் லீவு எடுத்தவ. ஆறு மாசம் ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்து பயிற்சி தந்தது."

"இவருக்கும் மாத்தணும்னுதான் டாக்டர் சொன்னாரு. ரெண்டு வருசம் தள்ளித் தேதி குடுத்தாங்க. தேதி வந்தப்ப ஜாகாவுல இருந்தாரு. மூணு மாசம் லீவு கேட்டா வேற ஆளு பாத்துக்கறேன்னுட்டான் கண்ட்ராக்டர். போகல. அந்தத் தேதி போனதோட சரி, வேற தேதி வரல. இதான் ஐயா உங்களுக்கும் இவருக்கும் வித்தியாசம். ஒழுக்கம், கவனம்னு மட்டும் சொல்லாதீங்க. அதுல என் புருசனுக்கு ஒரு கொறச்சலும் இல்ல."

சொல்லி முடித்த பிறகு அவளுக்கே மூச்சு வாங்கியது. கண்ணிலிருந்து தண்ணி இறங்கியது, துடைக்கவில்லை. கீழே ஒட்டுக்கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மேற்கே மழை கறுத்து வந்தது. கிருபானந்தன் காளியப்பனின் இறங்கிய தோளைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்திருந்தது. கோபமா வெட்கமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை, பிடிபடவேண்டும் என்றும் தோன்றவில்லை.

"ரூபேந்திரன்," என்றார் அவர். "ஃபார்மை எடுங்கோ. முதல்ல இருந்து கேளுங்கோ."

ரூபேந்திரன் சுவரில் ஃபார்மை வைத்துப் பேனாவைத் திறந்தான்.

"அங்கிள், படி ஏறி எறங்க முடியுமா?"

காளியப்பன் அவனைப் பார்த்தார். முதுகு தானாக நிமிர்ந்தது, இரண்டு கையும் தொடையோடு ஒட்டிக்கொண்டன. அங்கம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, சொல்லப்போகிறார். அவள் இத்தனை நேரம் கத்தியதெல்லாம் ஒரு சொல்லில் போகப்போகிறது. அவருக்காக அவள் சொல்லிவிடலாம். ஆனால் ஃபார்மில் விண்ணப்பதாரர் சொல்வதைத்தான் எழுதுவார்கள். அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"முடி..." என்றார் காளியப்பன். நிறுத்தினார். எச்சில் விழுங்கினார்.

ரூபேந்திரன் பேனாவோடு காத்திருந்தான்.

"முடியாது."

சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது. ரூபேந்திரன் குனிந்து, "சாரி அங்கிள், கேக்கல," என்றான்.

"முடியாதுங்க." இப்போது கேட்டது. "அன்னைக்கு எறங்கிக் காட்டுனது சும்மா. அப்புறம் மூணு நாளு எந்திரிக்கல. எழுதிக்குங்க. படி ஏற முடியாது. எறங்க முடியாது."

"பத்து கிலோ..."

"முடியாது. அரிசிப் பைய அவதான் தூக்குறா. கையத் தூக்கிச் சட்ட போட முடியாது, இந்தச் சட்டையப் போட அரை மணி நேரம் ஆச்சு. பட்டன் ரெண்டு போடல, பாருங்க." விலக்கிக் காட்டினார். "கக்கூஸ்ல ஒக்காந்தா எந்திரிக்க முடியாது. பைப்பப் புடிச்சுக்கிட்டுத் தொங்குவேன். ஒருநாளு முக்கா மணி நேரம் உள்ளயே கெடந்தேன், இவ கடைக்குப் போயிருந்தா. அழுதேன். இவகிட்டக்கூட சொல்லல."

அங்கம்மாவுக்கு அது தெரியாது. அவள் அவரையே பார்த்தாள். நாற்பத்தோரு வருடத்தில் இதைவிட நெருக்கமாக அவர் அவளிடம் எதையும் சொன்னதில்லை, அதுவும் இரண்டு வெளியாட்களை வைத்துக்கொண்டு. ரூபேந்திரன் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டான். காளியப்பன் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றுக்கும் குரல் ஏறியது. குளிக்க வாளி தூக்க முடியாது, தரையில் உட்கார முடியாது, கதவுக்கு மேல்தாழ் போட முடியாது. பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. கஸ்தூரி மூன்றாவது மாடியிலிருந்து ஏறி வந்து படிக்கட்டில் நின்று கேட்டாள். யார் கேட்டாலும் அவருக்குக் கவலை இல்லை. கூச்சமே இல்லாமல், பேர் கூப்பிடுகிற கிராணியின் குரலில், தன் உடம்பில் முடியாததையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு போனார்.

சொல்ல ஒன்றும் மீதம் இல்லாமல் போனபோது நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கிருபானந்தன் ஃபார்மை வாங்கி, அடியில் தன் பெயரை எழுதி ஒப்பம் வைத்தார்.

"மூலை வீடு இவையளுக்குத்தான். இந்த மாசத்துக்குள்ள குடுக்க வேணும்," என்றார் ரூபேந்திரனிடம். பிறகு அங்கம்மா பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல், சப்பாத்துக் கயிற்றைக் குனிந்து சரிசெய்துவிட்டு, எந்தச் சிரமமும் இல்லாமல் நிமிர்ந்து படியிறங்கினார்.

ரூபேந்திரன் காகிதங்களை அடுக்கினான். அவன் முகத்திலும் ஒரு நிம்மதி.

"ஓகே அங்கிள், முடிஞ்சிருச்சு. திங்கக்கிழம காலைல ஆபீஸுக்கு வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டு சாவிய வாங்கிட்டு..."

அங்கம்மா இடுப்பில் கை வைத்து வாயைத் திறந்தாள். அதற்குள் காளியப்பன் முந்திக்கொண்டார்.

"முடியாது தம்பி. நீதான் மேல வரணும்."